உண்டியலும் பூவும்

ஒக்டோபர் மாதக் கடைசியில் ஒரு வயோதிபர் என் கடைக்கு வருவார். கோட்டில் இரண்டு பதக்கங்கள். கையில் ஓர் அட்டைத்தட்டு, அதில் சிவப்புக் காகிதப் பூக்கள், கூடவே மூடி ஒட்டிய சின்ன உண்டியல். காசு வாங்கும் மேசையில் சுயிங்கம் அடுக்கியிருக்கும் மூலையை ஒதுக்கிக் கொடுப்பேன். போர் நினைவு நாளான நவம்பர் 11 கழிந்ததும் வந்து உண்டியலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு போவார். லண்டனில் மூலைக்கடை வைத்திருக்கிற நம்மவர்கள் பலருக்கும் இது பழகிப்போன சங்கதி.

அந்தப் பொப்பிப் பூவுக்கு விலை கிடையாது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், "அண்ணை, இது எவ்வளவு?" என்று கேட்பார்கள். "விரும்பினதைப் போடுங்கோ" என்பேன். சிலர் பையில் கிடக்கும் சில்லறையைப் போடுவார்கள். சுவருக்கு நிறம் பூசப் போகும் ஓர் ஆள் ஐந்து பவுண் தாளை நாலாக மடித்துத் துளைக்குள் திணிப்பான். பூவை எடுக்கமாட்டான், போன கிழமை எடுத்ததே கோட்டில் இருக்கும். "இதென்னத்துக்கு?" என்று யாராவது கேட்டால், "சண்டையில செத்த ஆக்களுக்கு" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். நானும் அநேகமாக அப்படித்தான் முடிப்பேன், வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். ஆனால் செத்தவர்களுக்குக் காசு எதற்கு? உண்டியல் வைத்திருப்பது உயிரோடு திரும்பி வந்தவர்களுக்கு. பொப்பியை விளங்கிக்கொள்ள நினைப்பவர் பூவைவிட உண்டியலைக் கவனிப்பது நல்லது என்பது என் கட்சி. அந்தக் காசு எங்கே போகிறது, யாருக்குப் போகவில்லை என்பதைப் பார்த்தால் இந்தப் பூவைச் சுற்றி நூறு வருடமாக நடக்கும் சண்டைகள் எல்லாம் துலங்கிவிடும்.

இது கசகசாவும் அபினும் தரும் பொப்பி அல்ல, அதன் பங்காளி. ஐரோப்பாவின் தானிய வயல்களில் களையாக முளைப்பது. விதை கடுகிலும் சிறியது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் சும்மா கிடக்கும். மண்ணைக் கிளறி, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். 1914 இன் இலையுதிர் காலத்திலிருந்து பெல்ஜியத்தின் மேற்கு மூலையையும் பிரான்சின் வடக்கையும் பீரங்கிகள் உழுதன. பதுங்குகுழி வெட்டினார்கள், சவக்குழி வெட்டினார்கள். மற்றச் செடிகள் கருகிப்போன இடத்தில், வெயில் காலம் வந்ததும், இந்தக் களை மட்டும் சிவப்பாக எழுந்து நின்றது. வீரர்களின் இரத்தத்தில் முளைத்தது என்று பிறகு கதை கட்டினார்கள். செடிக்கு வேண்டியிருந்தது கிளறிய மண்ணும் வெயிலும்தான்.

பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குப் பக்கத்தில் கனடாப் பீரங்கிப் படையோடு இருந்த டொக்டர் ஜோன் மக்ரே அந்தப் பூக்களைப் பார்த்தவர். 1915 மே 2 ஆம் திகதி அவருடைய இளம் நண்பர் அலெக்சிஸ் ஹெல்மர் ஷெல் விழுந்து இறந்தார். பாதிரியார் இல்லாததால் அடக்கத்துக்கான ஜெபத்தை மக்ரேயே சொன்னார். அடுத்த நாள் எழுதியதாகச் சொல்லப்படும் 'இன் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்' என்ற சிறு கவிதையை அந்த டிசெம்பரில் லண்டன் 'பஞ்ச்' இதழ் அவர் பெயரில்லாமலே வெளியிட்டது. இங்கே பிள்ளைகளுக்கு அதைச் சமாதானப் பாட்டுப் போலச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கடைசிப் பகுதியைக் கவனித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. புதைக்கப்பட்டவர்கள் உயிரோடு இருப்பவர்களைப் பார்த்து, எங்கள் சண்டையை நீங்கள் தொடர வேண்டும், விட்டால் எங்களுக்கு உறக்கமில்லை என்கிறார்கள். 1917 இல் கனடா போர்க்கடன் பத்திரம் விற்க அந்தக் கவிதையைப் பயன்படுத்தியதில் புதினமில்லை. போர் முடிவதைக் காண மக்ரே இருக்கவில்லை. 1918 ஜனவரியில் பிரான்சில் நிமோனியா கண்டு போய்ச் சேர்ந்தார்.

கவிதையில் இருந்த பூவைச் சட்டைக்குக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பெண்கள். அமெரிக்காவின் ஜோர்ஜியாக்காரியான மொய்னா மைக்கேல் ஓர் ஆசிரியை. போர்நிறுத்தத்துக்கு இரண்டு நாள் முந்தி, 1918 நவம்பர் 9 ஆம் திகதி, நியூயோர்க்கில் அந்தக் கவிதையை ஒரு சஞ்சிகையில் வாசித்தார். உடனே கடைக்குப் போய்ப் பட்டுத் துணியாலான பொப்பிகளை வாங்கி வந்து தானும் குத்தி, கூட இருந்தவர்களுக்கும் கொடுத்தார். நினைவுச் சின்னம் என்ற எண்ணம் அவருடையது. அதைக் காசாக்கத் தெரிந்தவர் அன்னா கெரான் என்ற பிரெஞ்சுக்காரி. போரில் நொருங்கிப்போன பிரெஞ்சு ஊர்களில் விதவைகளையும் அநாதைப் பிள்ளைகளையும் கொண்டு துணிப்பூக்கள் செய்வித்து நாடு நாடாக விற்றார். 1921 இல் லண்டனுக்கு வந்து, அந்த வருடந்தான் தொடங்கியிருந்த பிரித்தானிய முன்னாள் படையினர் அமைப்பான பிரிட்டிஷ் லீஜனின் கதவைத் தட்டினார். அந்த நவம்பர் 11 இல் விற்பனைக்கு வந்த 90 லட்சம் பூக்களும் தீர்ந்துபோயின. சேர்ந்தது 106,000 பவுணுக்கு மேல்.

அந்தக் காசு ஏன் தேவைப்பட்டது? போர் முடிந்து மூன்று வருடம் ஆகியும் கை போனவனுக்கும் கால் போனவனுக்கும் வேலையில்லை. பதக்கத்தைக் குத்திக்கொண்டு தெருவில் தீப்பெட்டி விற்ற காலம் அது. நாட்டுக்காகப் போனவனை அரசாங்கம் பார்க்கவேண்டிய அளவுக்குப் பார்க்கவில்லை, அதனால் சனங்களிடம் உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது. அப்போது லீஜனின் தலைவராக இருந்தவர் ஏர்ள் ஹேக். பிரான்சில் சொம் யுத்தத்தை நடத்திய அதே தளபதி. 1916 ஜூலை 1 ஆம் திகதி ஒரே நாளில் அவருடைய படையில் 19,000 பேருக்கு மேல் செத்தார்கள். எஞ்சியவர்களுக்குக் காசு சேர்த்த பூவின் நடுவில் கறுப்புப் பொத்தானில் 1994 வரை 'ஹேக் ஃபண்ட்' என்று அவர் பெயர்தான் பொறித்திருந்தது. பாவத்துக்குப் பரிகாரமா, பெயருக்கு மெருகா என்று நான் யோசிப்பதுண்டு. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கக்கூடாதா என்ன?

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் மேஜர் ஜோர்ஜ் ஹவ்சன். 1922 இல் லண்டன் ஓல்ட் கென்ற் வீதியில் ஐந்து மாற்றுத்திறனாளிப் படைவீரர்களை வைத்துப் பூச்செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பெரிதாக வெற்றி பெறும் என்று நம்பிக்கையில்லை, ஆனாலும் முயன்று பார்க்கலாம் என்று பெற்றோருக்கு எழுதினார். கை ஒழுங்காக வேலை செய்யாதவனும் கோர்க்கக்கூடிய விதத்தில் பூவை வடிவமைத்தார்கள். இதழ், தண்டு, பொத்தான். ஒரு கையால் அழுத்தினால் பொருந்திவிடும். பூவின் உருவத்தைத் தீர்மானித்தது அழகு அல்ல, செய்கிறவனுடைய கை. பட்டறை பிறகு ரிச்மண்டுக்குப் போய்ப் பெரிதானது. 1926 இல் ஹேக்கின் மனைவி எடின்பரோவில் ஸ்கொட்லாந்துக்கென்று தனிப் பட்டறை தொடங்கினார். அங்கே நாலு இதழ், இலை கிடையாது. இங்கிலாந்துப் பூவுக்கு இரண்டு இதழும் ஒரு பச்சை இலையும். அந்த இலை மணிக்கூட்டின் பதினொன்றைக் காட்ட வேண்டும், ஆண்கள் இடது பக்கமும் பெண்கள் வலது பக்கமும் குத்த வேண்டும் என்றெல்லாம் என் கடையில் நின்று வாதாடுவார்கள். அப்படி ஒரு விதியும் இல்லை என்று லீஜனே சொல்கிறது. 2023 இலிருந்து பிளாஸ்ரிக் இல்லாமல் முழுக்கக் காகிதத்தில் வருகிறது. முந்திய தண்டு போல் கழன்று விழுவதில்லை.

நியூசிலாந்துக்குப் பூக்கள் ஏற்றி வந்த கப்பல் 1921 இல் பிந்திவிட்டதால் அவர்கள் ஏப்ரலில் தங்கள் போர் நினைவு நாளான அன்சாக் நாளுக்குக் குத்தத் தொடங்கி, இன்றைக்கும் அப்படியே செய்கிறார்கள். பிரான்சில் பொப்பி கிடையாது, காயப்பட்டவர்களைக் கொண்டு இரண்டு பெண்கள் செய்வித்த நீலப்பூ. எந்த நாட்டிலும் தொடக்கம் ஒரே மாதிரி: உடல் சிதைந்தவனுக்கு ஒரு கைவேலை, ஒரு வேளைச் சோறு.

இனி யாருக்குப் போகவில்லை என்பதற்கு வருவோம்.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்காக 13 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்தார்கள் அல்லது படையில் உழைத்தார்கள். 74,000 பேரளவில் திரும்பவில்லை. மக்ரே கவிதை எழுதிய அதே ஈப்பர் களத்தில் 1914 ஒக்டோபரிலேயே இந்தியப் படைகள் குளிருக்கு ஏற்ற உடுப்புக்கூட இல்லாமல் நின்றன. பிரான்சில் நெவ் ஷபெல்லில் உள்ள இந்திய நினைவுச் சின்னத்தில் 4,700 க்கு மேற்பட்ட பெயர்கள். ஈப்பரின் மெனின் வாயில் நினைவுச் சின்னத்திலும் இந்தியப் பெயர்கள் உண்டு. அங்கே தினமும் இரவு எட்டு மணிக்குப் பியூகிள் ஊதுகிறார்கள். 2018 இல் லீஜன் இந்தியர்களை நினைத்துக் கதர்த் துணியில் பொப்பி செய்தது. பிரதமர் தெரேசா மேயும் குத்தியிருந்தார். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் கதர் என்பது பிரித்தானிய சாம்ராச்சியத்தின் துணியை வேண்டாம் என்று சொல்ல வந்த துணி. அதையே அந்தச் சாம்ராச்சியத்தின் போருக்குப் பூவாக வெட்டியதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது.

கொழும்பில் இதைவிடக் கூர்மையான பதிலை 1930 களிலேயே கொடுத்துவிட்டார்கள். அப்போது இலங்கையிலும் நவம்பர் 11 இல் பொப்பி விற்பனை நடந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் வாங்க வேண்டும். சேரும் பணத்தில் பெரும்பங்கு பிரித்தானியப் படைவீரர்களுக்குக் கப்பலேறும். அதே போருக்குப் போய்த் திரும்பிய இலங்கையர் கஷ்டப்படும்போது இது என்ன நியாயம் என்று கேட்டார் ஏலியன் பெரேரா. அவர் பொப்பிக்குப் போட்டியாக, அதே நாளில், சூரியப் பூவை விற்க ஏற்பாடு செய்தார். கிடைக்கும் காசு இலங்கை முன்னாள் படைவீரர்களுக்கு. அது 1931.

சூரியப் பூ என்றால் நமக்குப் பூவரசம் பூ. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவு வேலி பூவரசுதான். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியிருக்கிறோம், குழையை வெட்டித் தோட்டத்துக்குத் தாழ்க்கிறதைப் பார்த்திருக்கிறோம். காலையில் மஞ்சளாக விரிந்து பின்னேரம் செம்மை படிந்து விழும். வேலிப் பூவைக் கொண்டு ஒரு சாம்ராச்சியத்தைச் சீண்டலாம் என்று எனக்கு ஊரில் எவரும் சொல்லித் தரவில்லை. லண்டனுக்கு வந்து நூலகத்தில் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1933 இல் தென்கொழும்பு இளைஞர் சங்கத்தினர் இந்த விற்பனையைக் கையில் எடுத்ததும் அதன் தொனி மாறியது. நம் படைவீரனுக்கும் பங்கு கொடு என்பதோடு அவர்கள் நிற்கவில்லை; போரே வேண்டாம், சாம்ராச்சியமே வேண்டாம் என்றார்கள். இதில் முன்னுக்கு நின்றவர் டொரீன் யங் என்ற இளம் ஆங்கிலேய ஆசிரியை. 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் 'பூக்களின் யுத்தம்' என்ற கருத்தில் ஒரு கட்டுரை எழுதினார். தங்கள் நாட்டு ஏழைப் படைவீரனை விட்டுவிட்டு இங்கிலாந்துக்காரனுக்கு உதவ இலங்கைப் பிள்ளைகள் பூ வாங்கவேண்டியிருப்பது கேலிக்கூத்து என்றார். அவருடைய இனத்தவர்கள் வசை பொழிந்தார்கள். சூரியப் பூ இயக்கத்தின் தலைவியானார். பிறகு இலங்கையிலேயே வாழ்ந்து 1952 இல் அக்குரெஸ்ஸவிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போனார்.

நவம்பர் 11 தோறும் கொழும்புத் தெருக்களில் பொப்பி விற்பவர்களுக்கு எதிரே இளைஞர்களும் யுவதிகளும் மஞ்சள் பூவோடு நின்றார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள், உண்டியலில் விழுந்தது செப்புக் காசு. மொத்தத்தில் பெரிய தொகை ஒன்றும் சேரவில்லை. இருந்தும் அரசு சும்மா இருக்கவில்லை, தெருவில் பணம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. சேர்ந்த சிறு தொகை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்பிள்ளை ஒருத்தியின் படிப்புக்குப் போனது என்பது எனக்கு இந்தக் கதையில் பெரிய விடயம். போர் நினைவு உண்டியலிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கொப்பியும் புத்தகமும்! 1934 இன் கடைசியில் மலேரியா பரவி, அடுத்த சில மாதங்களில் ஒரு லட்சம் பேரளவில் மாண்டபோது, சூரியப் பூ விற்ற அதே இளைஞர்கள் கேகாலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுபோனார்கள். அங்கே பருப்புப் பங்கிட்ட என்.எம். பெரேராவைச் சனங்கள் 'பருப்பு மாத்தயா', அதாவது பருப்பு ஐயா என்றே கூப்பிட்டார்கள். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சி பிறந்தது இந்த ஆட்களிடமிருந்துதான்.

இலங்கைக்காரர்கள் தனியே இப்படி யோசிக்கவில்லை. அதே 1933 இல் இங்கிலாந்தின் கூட்டுறவுப் பெண்கள் சங்கம் வெள்ளைப் பொப்பியை வெளியே கொண்டுவந்தது. அந்தப் பெண்களில் பலர் கணவனையோ தம்பியையோ மகனையோ போரில் இழந்தவர்கள். போரில் செத்த எல்லாரையும், சீருடை போடாதவர்களையும் எதிர்ப்பக்கத்தவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும், இனிப் போர் கூடாது என்றும் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. வெள்ளை குத்தியதற்காக வேலை இழந்த பெண்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். இன்றைக்கும் வெள்ளையைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. என் கடையில் அதை வைக்கச் சொல்லி எவரும் கேட்டதில்லை. கேட்டால் வைப்பேன்; அட்டைத்தட்டுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

சிவப்பைக் குத்தாதவனும் இங்கே பதில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. நவம்பரில் தொலைக்காட்சியில் தோன்றுபவர்களின் கோட்டில் பூ இல்லையென்றால் கடிதம் பறக்கும். தொலைக்காட்சியில் செய்தி வாசித்த ஜோன் ஸ்னோ 2006 இல் இதை 'பொப்பிப் பாசிசம்' என்றார். கால்பந்து வீரர் ஜேம்ஸ் மக்ளீன் வட அயர்லாந்தின் டெரியைச் சேர்ந்தவர். 1972 இல் பிரித்தானியப் படை ஊர்வலத்தில் வந்த பொதுமக்களைச் சுட்டுக் கொன்ற ஊர் அது. உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டும் என்றால் குத்துவேன், இந்தப் பூ அதற்குப் பிறகு நடந்த எல்லாப் போரின் படையினருக்கும் உரியது, அதனால் என்னால் முடியாது என்று 2014 இல் தன் கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். மைதானங்களில் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அதே வட அயர்லாந்தில், எனிஸ்கிலன் நகரில், 1987 இல் நினைவுஞாயிறு அன்று பொப்பி குத்தி நின்ற சனங்களுக்கு நடுவே ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு குண்டு வைத்துப் பதினொரு பேரைக் கொன்றது. ஆகவே அங்கே ஒருவன் குத்துவதற்கும் இன்னொருவன் குத்தாமல் விடுவதற்கும் பின்னால் சவப்பெட்டிகள் இருக்கின்றன. லண்டனில் இருந்துகொண்டு இரண்டு பேருக்கும் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டுக் கதையும் அப்படித்தான். கொழும்பில் இன்றைக்கும் பொப்பி உண்டு. ஒவ்வொரு வருடமும் முன்னாள் படையினர் சங்கம் முதல் பூவை ஜனாதிபதியின் சட்டையில் குத்துகிறது. விகாரமகாதேவிப் பூங்காவில் உள்ள நினைவுத் தூணில் மலர்வளையம் வைக்கிறார்கள். லண்டனின் போர் நினைவுத் தூணான செனோடாப்பை வடிவமைத்த கட்டடக்கலைஞர் லட்யன்ஸ்தான் அதையும் வடிவமைத்தவர். இப்போது அந்தக் காசு கப்பலேறுவதில்லை, தீவுக்குள்ளேயே நிற்கிறது. ஏலியன் பெரேரா கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பூ இன்று உலகப் போர்களில் மாண்டவர்களோடு, உள்நாட்டுப் போரில் மாண்ட இலங்கைப் படையினரையும் நினைக்கிறது. சரியாகப் பதினாறு நாள் கழித்து, நவம்பர் 27 இல், இதே லண்டனில் நம்மவர்கள் கார்த்திகைப் பூவோடு, புலிகள் பக்கத்தில் மாண்டவர்களை நினைக்கும் மாவீரர் நாளுக்குப் போகிறார்கள். இரண்டு பூவிலும் சிவப்பு உண்டு, இரண்டும் சீருடை போட்டவனுக்கு. அண்ணன் தம்பியைப் பறிகொடுத்தவர்கள் இரண்டு பக்கத்திலும் அழுகிறார்கள், அந்த அழுகையை நான் எடை போடமாட்டேன். எந்தச் சீருடையும் போடாமல், பங்கரில் பிள்ளையோடு செத்த சனங்களுக்கு மட்டும் ஒரு பூ இல்லை. அவர்களின் நினைவாக மே மாதத்தில் உப்புக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

போன நவம்பரில் பேரனுடைய பாடசாலையில் பொப்பிக்கு ஒரு பவுண் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கட்டாயமில்லை, விரும்பினால் என்று தாளில் எழுதியிருந்தது. 1930 களின் கொழும்புப் பிள்ளைகளுக்கு அந்த வரி கிடைக்கவில்லை. அவன் கடையில் வந்து நின்று கேட்டான்: "அம்மப்பா, நாங்களும் குத்த வேணுமோ? அந்த ஆமி எங்கட ஆமி இல்லைத்தானே?"

"இந்தக் காசு ஆருக்குப் போகுது தெரியுமோ?" என்றேன். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கால் போனவர்கள், வீடில்லாதவர்கள், இரவில் நித்திரை வராதவர்கள் என்று சொன்னேன். பூக்களைத் தந்துவிட்டுப் போகிற தாத்தாவையும் அவனுக்குத் தெரியும். ஒரு பவுணை உண்டியலில் போட்டுவிட்டுப் பூவை எடுத்தான்.

மகள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் தபாலில் ஒரு வெள்ளைப் பொப்பி வரவழைத்து அவனுடைய கோட்டில் சிவப்புக்குப் பக்கத்தில் குத்தினாள். "பள்ளிக்கூடத்தில ஏசமாட்டினமோ?" என்று கேட்டேன். "ஏசினால் நான் போய்க் கதைக்கிறன், அப்பா" என்றாள். இந்தப் பூவின் காசு எங்கே போகிறது என்று விசாரித்தேன். பிள்ளைகளுக்குச் சமாதானத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கும் வேலைக்காம். அடுத்த முறை வாங்கும்போது எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கச் சொன்னேன். பொப்பித்தட்டோடு வரும் அந்த மனிதர் கண்டால் என்ன சொல்வார் என்பதுதான் யோசனையாக இருக்கிறது.